கீழ்த்தளத்துத் துப்பறிவாளர்களைத் தேடி

புதன், செல்ஸி, லண்டன்

விக்டோரியா ராணி காலத்தில் நடக்கும் கொலை மர்ம நாவல்களில் ஒரு தனி வகை உண்டு. மேல்மாடி நூலக அறையில் பிணம் கிடக்கும். அடித்தளத்துச் சமையலறையில் கெட்டில் கொதித்துக்கொண்டிருக்கும். கொலைகாரன் யார் என்று கண்டுபிடிப்பது போலீஸ் இல்லை. ஹவுஸ்கீப்பர், சமையல்காரம்மா, குதிரைவண்டிக்காரர், அடுப்புச் சாம்பல் அள்ளும் சின்னப்பெண் எல்லோரும் சேர்ந்து கண்டுபிடிப்பார்கள். ரத்தம் அதிகம் சிந்தாது, அதனால் இதமான மர்மக் கதைகள் என்பார்கள். கடைசி அத்தியாயத்தில் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து டீ குடிப்பார்கள். எமிலி பிரைட்வெல் 1993-இல் ஆரம்பித்த மிஸஸ் ஜெஃப்ரிஸ் வரிசைதான் இதில் எனக்கு முதல் பழக்கம். அங்கே இன்ஸ்பெக்டருடைய வழக்குகளை அவர் வீட்டு வேலைக்காரர்களே அவருக்குத் தெரியாமல் துப்புத் துலக்கிக் கொடுப்பார்கள். பேரும் புகழும் மட்டும் அவருக்கு.

இந்தக் கதைகள் எந்த மாதிரி வீடுகளிலிருந்து பிறந்தன, நிஜ வழக்குகளில் வேலைக்காரர்கள் எதைக் கண்டார்கள், கண்டதைச் சொன்னபோது என்ன நடந்தது என்று பார்க்கத்தான் இந்தப் பயணம். கூட வருவது ரெடிங்கில் குடியிருக்கும் பெரியம்மா மகள். அக்காவுக்குக் கொலைக் கதை என்றாலே ஆகாது. ஆனால் பழைய வீடு என்றால் எங்கே வேண்டுமானாலும் வருவாள்.

முதலில் போனது செய்ன் ரோவில் 24-ஆம் எண் வீடு. எழுத்தாளர் தாமஸ் கார்லைலும் மனைவி ஜேனும் 1834-இல் குடிவந்த வாடகை வீடு இது. இதில் கொலை எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் இந்த வகை நாவல்களைப் படிக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பேன். அரண்மனைகளில் ஐம்பது பேர் வேலை செய்தார்கள் என்று படித்துவிட்டு எல்லா வீடும் அப்படி என்று நினைத்துவிடுகிறோம். வேலைக்காரர் வைத்திருந்த பெரும்பாலான வீடுகளில் இருந்தது ஒரே ஒரு பெண். தண்ணீர் இறைப்பது, கரி தூக்குவது, சமைப்பது, கதவு திறப்பது எல்லாம் அவள்தான். மிஸஸ் பீட்டன் 1861-இல் வெளியிட்ட குடும்ப நிர்வாகப் புத்தகத்தில் அவளுக்கு ஆண்டுச் சம்பளம் 9 முதல் 14 பவுண்டு வரை கொடுக்கலாம் என்று அட்டவணை போட்டிருக்கிறார். டீயும் சர்க்கரையும் பீரும் வீட்டிலேயே கொடுத்தால் இன்னும் குறைவு.

கார்லைல் வீட்டில் அந்தப் பெண் படுத்தது அடித்தளத்துச் சமையலறையில். கல் தரை, கரி அடுப்பு, ஒரு மூலையில் படுக்கை. இரவில் கார்லைல் புகைபிடிக்க இங்கேதான் இறங்கி வருவார், புகை அடுப்பின் புகைபோக்கி வழியாகப் போய்விடும் என்பதற்காக. கவிஞர் டென்னிசனும் சில நாள் கூட உட்கார்ந்திருக்கிறார். இரண்டு மேதைகளும் புகைத்து முடித்து மாடிக்குப் போகும்வரை அந்தப் பெண் படுக்க முடியாது, பின்கட்டில் காத்திருக்க வேண்டும். அக்கா அந்த அடுப்பை ரொம்ப நேரம் பார்த்தாள். “காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பா?” என்று மட்டும் கேட்டாள். ஆறு மணிக்கெல்லாம் அடுப்பு எரிய வேண்டும் என்றேன்.

மேலே சாப்பாட்டு அறையை ஒட்டி, பீங்கான் சாமான் வைக்கும் ஒரு குட்டி அறை இருக்கிறது. 1864-இல் இந்த அறையில் மேரி என்ற வேலைக்காரப் பெண் குழந்தை பெற்றாள். அதே நேரத்தில் பக்கத்து அறையில் கார்லைல் ஒரு விருந்தாளியோடு டீ குடித்துப் பேசிக்கொண்டிருந்தார். நடுவே ஒரு மெல்லிய கதவுதான். அவருக்கு எதுவும் தெரியவில்லை. ஜேனுக்கே பின்னால்தான் தெரிய வந்தது. அதை ஆத்திரமும் வியப்புமாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

நாவல்களில் ஒரு வசனம் தவறாமல் வரும்: ‘எங்களை யாரும் கவனிப்பதில்லை, அதனால் எங்களுக்கு எல்லாம் தெரியும்.’ கேட்க அழகாகத்தான் இருக்கிறது. அந்தக் குட்டி அறையில் நின்று பார்த்தால், கவனிக்கப்படாமல் இருப்பது அவ்வளவு ஜாலியான விஷயமாகத் தெரியவில்லை.

வியாழன், மழை, லண்டன்

காலை முழுக்க மழை. குடையோடு பார்க் லேன் பக்கம் போனோம். இப்போது டன்ரேவன் தெரு என்று பெயர். 1840-இல் நார்ஃபோக் தெரு. மே 6-ஆம் தேதி காலை, 14-ஆம் எண் வீட்டில் லார்ட் வில்லியம் ரஸ்ஸல் படுக்கையில் கழுத்து அறுபட்டுக் கிடந்தார். 72 வயது.

முதலில் கீழே இறங்கி வந்தவள் சாரா மான்சர் என்ற வேலைக்காரி. சாமான்கள் இறைந்து கிடந்தன, வெள்ளிப் பொருட்கள் மூட்டை கட்டினாற்போல இருந்தன. திருடன் வந்துவிட்டான் என்று ஓடிப்போய் அந்தரங்கப் பணியாளன் கூர்வாசியேவின் கதவைத் தட்டினாள். அவன் கோட்டைத் தவிர எல்லாம் உடுத்தித் தயாராக நின்றான். அவன் காலையில் சாவகாசமாகக் கிளம்புகிறவன் என்பது கூட வேலை செய்கிறவளுக்குத் தெரியாதா? போலீஸுக்கு எப்படித் தெரியும்?

அவன்தான் கொலையாளி. காணாமல் போன பொருட்கள் சில அவனுடைய வேலை அறைச் சுவரின் அடிப்பலகைக்குப் பின்னால் கிடைத்தன. மிச்ச வெள்ளிப் பாத்திரங்களை அவன் ஒரு ஹோட்டலில் கொடுத்து வைத்திருந்தான். அந்த ஹோட்டல்காரர்கள் செய்தித்தாளில் வழக்கைப் படித்துவிட்டு, விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே வந்து சொன்னார்கள். ஜூலை 6-ஆம் தேதி நியூகேட் சிறை வாசலில் தூக்கு. கூட்டத்தில் எழுத்தாளர்கள் டிக்கன்ஸும் தாக்கரேயும் நின்றார்கள்.

இந்த வழக்குக்குப் பிறகு பெரிய வீட்டுக்காரர்களுக்குத் தூக்கம் போயிற்று. நம் வீட்டிலேயே, நம் சவரக் கத்தியைத் தீட்டுகிறவனே, என்ற பயம். ஆனால் அடுத்த வருஷமே, 1841-இல், கேத்தரின் குரோ என்பவர் ‘சூசன் ஹாப்லி’ என்று ஒரு நாவல் எழுதினார். அதில் கொலை மர்மத்தின் பின்னால் போகிறவள் ஒரு வேலைக்காரப் பெண். எட்கர் ஆலன் போவின் துப்பறிவாளர் டூபான் முதல் கதையில் வந்ததும் அதே 1841. டூபானைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் எல்லாம் போடுகிறார்கள். சூசனை யாருக்கும் தெரியாது. எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு, விட்டுவிடுகிறேன்.

மதியம் ரிச்மண்ட். 1879-இல் கேட் வெப்ஸ்டர் என்ற வேலைக்காரி தன் எஜமானி ஜூலியா மார்த்தா தாமஸைக் கொன்று, அவருடைய உடைகளை உடுத்திக்கொண்டு அவர் மாதிரியே நடமாடிய ஊர். தலை மட்டும் கிடைக்காமலே இருந்தது. 2010-இல், இயற்கை பற்றிய டிவி படங்களுக்குப் பெயர்போன டேவிட் அட்டன்பரோ வாங்கியிருந்த பக்கத்து மனையில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது மண்டையோடு கிடைத்தது. அடுத்த ஆண்டு மரண விசாரணை நீதிமன்றம் அது ஜூலியாவுடையதுதான் என்று முடிவு சொன்னது. அக்கா “இதெல்லாம் இதமான கதையா?” என்றாள். இல்லைதான். ஈரச் செருப்போடு திரும்பிவிட்டோம்.

வெள்ளி, ரோட் கிராமம், சாமர்செட்

இந்தப் பயணத்தில் நான் ரொம்ப எதிர்பார்த்திருந்த இடம் இது. பாடிங்டனிலிருந்து ரயிலில் வெஸ்ட்பரி, அங்கிருந்து டாக்சி. பச்சை வேலிகளுக்கு நடுவே ஒடுங்கிய சாலை, தேன் நிறக் கல் வீடுகள், ஒரு தேவாலயம். நாங்கள் போனபோது தெருவில் ஒரு நாயைத் தவிர யாரும் இல்லை.

1860 ஜூன் 29 இரவு, ஊருக்கு ஓரத்தில் இருந்த ரோட் ஹில் வீட்டில், நான்கு வயது நிறையாத சாவில் கென்ட் தொட்டிலிலிருந்து காணாமல் போனான். மறுநாள் தோட்டத்துக் கழிப்பறையில் சடலம் கிடைத்தது. அப்பா சாமுவேல் கென்ட் தொழிற்சாலை உதவி ஆய்வாளர். முதல் மனைவி இறந்ததும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியையையே மணந்துகொண்டவர். சாவில் அந்த இரண்டாம் மனைவியின் மகன். வீட்டிலேயே தங்கியிருந்த வேலைக்காரர்கள் மூன்று பேர்: சமையல்காரி, வீட்டு வேலைக்காரி சாரா காக்ஸ், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் எலிசபெத் காஃப்.

வீடு இப்போதும் இருக்கிறது, தனியார் குடியிருப்பு. மதிலுக்கு வெளியே நின்று கூரையையும் மேல்ஜன்னல்களையும் பார்க்கலாம், அவ்வளவுதான். எட்டிப் பார்ப்பதும் படம் எடுப்பதும் வேண்டாம் என்று அக்கா முதலிலேயே சொல்லிவிட்டாள். சரியென்று சாலையோரமே நடந்துகொண்டு நான் அவளுக்குக் கதை சொன்னேன்.

காலையில் வரவேற்பறை ஜன்னல் கதவுகளைத் திறக்கப் போனவள் சாரா காக்ஸ். அறைக் கதவும் திறந்திருந்தது, ஜன்னலும் கொஞ்சம் தூக்கி விடப்பட்டிருந்தது. எலிசபெத் காஃபோ விடிகாலை ஐந்து மணிக்கே தொட்டில் காலியாக இருந்ததைப் பார்த்திருக்கிறாள். அம்மா தூக்கிப் போயிருப்பார் என்று நினைத்துத் தூங்கிவிட்டாளாம். போதாதா? உள்ளூர் போலீஸ் அவளைப் பிடித்துக்கொண்டது. அவளுக்கும் எஜமானருக்கும் தொடர்பு, குழந்தை விழித்துப் பார்த்துவிட்டது என்று ஊரே ஒரு கதை கட்டியது. கைது செய்தார்கள், விடுவித்தார்கள்; மறுபடியும் கைது செய்தார்கள், மறுபடியும் விடுவித்தார்கள்.

ஜூலை நடுவில் லண்டனிலிருந்து ஸ்காட்லாந்து யார்டு துப்பறிவாளர் ஜாக் விச்சர் வந்தார். தோட்டக்காரர் ஒருவரின் மகன் அவர். அவர் பார்த்தது கத்தியையோ கால்தடத்தையோ அல்ல, சலவைக் கணக்கை. பெரிய வீடுகளில் ஒவ்வொருவருக்கும் எத்தனை உள்ளாடை, எத்தனை இரவு உடை என்று பட்டியல் இருக்கும். பதினாறு வயது மகள் கான்ஸ்டன்ஸுக்கு மூன்று இரவு உடைகள். வீட்டில் இருந்தவை இரண்டு.

மூன்றாவது எங்கே? இங்கேதான் சாரா காக்ஸ் மறுபடி வருகிறாள். திங்கட்கிழமை அவள் அழுக்குத் துணிகளை எண்ணிக் கூடையில் போட்டாள். கான்ஸ்டன்ஸின் இரவு உடை அதில் இருந்தது என்று உறுதியாகச் சொன்னாள். கூடைகளை வாங்கிப் போன சலவைக்காரி வீட்டுக்குப் போனதும் எண்ணிப் பார்த்தாள், ஒன்று குறைந்தது. கூடைகள் போவதற்கு முன் கான்ஸ்டன்ஸ் அந்த அறை வாசலுக்கு வந்து, என் பாவாடைப் பையில் பர்ஸ் இருக்கிறதா பார் என்று காக்ஸைத் துணிகளைக் கிளறச் சொன்னாள். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டாள். காக்ஸ் தண்ணீர் கொண்டுவரப் போன அந்த ஒரு நிமிஷத்தில் நல்ல இரவு உடை ஒன்றை அவள் கூடையிலிருந்து எடுத்துக்கொண்டாள், ரத்தக் கறை பட்டதை முன்பே அழித்துவிட்டிருந்தாள், குறைந்த பழி சலவைக்காரி மேல் விழட்டும் என்று நினைத்தாள் என்பது விச்சரின் ஊகம்.

“அடேயப்பா” என்றாள் அக்கா. கொலைக் கதைக்கு அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. “எங்க வீட்ல டோபிக் கணக்கு நோட்டுல ஒரு தலையணை உறை குறைஞ்சாலே அம்மா நாலு நாள் விடமாட்டாங்க.”

எனக்கு இந்தக் கட்டம் ஏன் பிடிக்கும் என்றால், துப்பு முழுக்க வேலையிலிருந்தே வருகிறது. கதவிடுக்கில் காது வைத்துக் கேட்டது இல்லை. எண்ணுவது ஒருத்தியின் வேலை, வெளுப்பது இன்னொருத்தியின் வேலை. இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை. நான் படித்த நாவல்களில் சுமாரானவற்றில் வேலைக்காரர்கள் வம்பு பேசியே வழக்கை முடித்துவிடுகிறார்கள். நல்லவற்றில் சாம்பலில் எரியாமல் கிடக்கும் பித்தான், விளக்கில் எண்ணெய் எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருப்பது, சாவிக்கொத்தில் ஒரு சாவி இடம் மாறியிருப்பது என்று வரும். அடுப்படியில் வேலை செய்து பார்த்தவர் எழுதியது எது என்று இரண்டு பக்கத்தில் தெரிந்துவிடும்.

விச்சர் கான்ஸ்டன்ஸைக் கைது செய்தார். ஊரின் டெம்பரன்ஸ் ஹாலில் விசாரணை நடந்தது. காக்ஸும் சலவைக்காரியும் சாட்சி சொன்னார்கள். ஒரு இரவு உடையை வைத்துக்கொண்டு கண்ணியமான வீட்டுப் பெண்ணைக் கொலைகாரி என்பதா என்று பத்திரிகைகள் பொங்கின. அவளை விட்டுவிட்டார்கள், விச்சரின் பெயர் கெட்டது. இதற்கிடையில் சடலம் கிடைத்த அன்றே உள்ளூர் போலீஸ் அடுப்படிக் கொதிகலனின் குழியிலிருந்து ரத்தக் கறை படிந்த பெண் உள்ளாடை ஒன்றைக் கண்டெடுத்து, வெளியே சொல்லாமல் மறைத்துவிட்டது. அது மாதங்கள் கழித்துத்தான் அம்பலமானது.

1865-இல் கான்ஸ்டன்ஸ் தானாகவே வந்து ஒப்புக்கொண்டாள். தூக்குத் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. இருபது வருஷம் சிறை. பிறகு ஆஸ்திரேலியா, வேறு பெயர், நர்ஸ் வேலை. 1944-இல் நூறு வயதில் இறந்தாள். எலிசபெத் காஃப் மேல் சந்தேகம் இருந்த அந்த ஐந்து வருஷத்துக்கு யார் பொறுப்பு என்று நான் படித்த வரையில் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

1868-இல் வில்கி காலின்ஸ் எழுதிய ‘மூன்ஸ்டோன்’ இந்த வழக்கிலிருந்துதான் இரவு உடையை எடுத்துக்கொண்டது. ரத்தக் கறைக்குப் பதில் பெயின்ட் கறை. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கொள்ளை போன வைரம் ஒன்றைச் சுற்றிய கதை. அதில் ரோசன்னா என்ற வேலைக்காரி, தான் விரும்புகிறவரைக் காப்பாற்ற அதே மாதிரி இன்னொரு இரவு உடை தைத்து வைக்கிறாள். வயதான பணியாளர் பெட்டரெட்ஜ் தனக்குத் துப்பறியும் காய்ச்சல் வந்துவிட்டது என்று புலம்புகிறார். இந்த நாவல்களைப் படிக்கிற எங்களுக்கெல்லாம் வந்திருப்பது அதே காய்ச்சல்தான்.

சனி, ரயிலில்

நியூபோர்ட்டில் மாறி, ஹெரஃபோர்ட், ஷ்ரூஸ்பரி வழியாக வடக்கே ரெக்ஸம். சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. ஆடுகள், மலைகள், ஆறிப்போன சாண்ட்விச். அக்கா என் கையிலிருந்த நாவலை வாங்கி அறுபது பக்கம் படித்துவிட்டு, “சமையல்காரம்மா எப்பப் பார்த்தாலும் வெளியில சுத்திக்கிட்டு இருக்காங்களே, மத்தியானச் சாப்பாடு யாரு செய்யுறாங்க?” என்று கேட்டாள். இந்த வகையின் ஆதாரப் பிரச்சினை இதுதான். அரை நாள் விடுப்புக்கே ஏங்கியவர்கள் ஊரெல்லாம் போய் விசாரிப்பதற்கு எழுத்தாளர்கள் ஏதாவது வழி செய்துகொடுக்க வேண்டியிருக்கிறது. இன்ஸ்பெக்டர் தனிக்கட்டை, சாதுவான மனிதர், எதைப் போட்டாலும் சாப்பிடுவார் என்று வைத்துவிட்டால் வேலை சுலபம். பிரைட்வெல் அதைத்தான் செய்தார்.

ஞாயிறு, எர்திக், ரெக்ஸம்

மற்ற மாளிகைகளில் முன்வாசல் வழியாக விடுவார்கள். எர்திக்கில் பார்வையாளர்கள் நுழைவது வேலைக்காரர்களின் பக்கம்: தச்சுப் பட்டறை, லாயம், ரொட்டி அடுப்பு, சலவைக்கட்டு, அப்புறம்தான் வீடு. யார்க் குடும்பத்தின் வீடு இது. அடியில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டி வீடே பூமிக்குள் ஐந்தடி இறங்கிவிட்டது. 1973-இல் கடைசி வாரிசு, பழைய வீடுகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்.

இந்தக் குடும்பம் செய்த விசித்திரமான காரியம், வேலைக்காரர்களை ஓவியமாக வரைய வைத்து அவர்களைப் பற்றி வெண்கலப் பானை உருட்டுகிற மாதிரி ஒரு பாட்டும் எழுதி மாட்டியது. 1793-இல் வரைந்த ஜேன் எப்ரெல் படத்தின் முன்னால் நின்றேன். வயது 87. கையில் துடைப்பம். ஒட்டடை அடிக்கிறவர் என்றே பதவி. 1852-இலேயே வேலைக்காரர்களை நிற்க வைத்துப் புகைப்படமும் எடுத்திருக்கிறார்கள், அவரவர் தொழில் சாமானோடு.

சலவைக்கட்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கட்டில் அளவு பெரிய மரப்பெட்டி ஒன்று, உள்ளே கல் நிரப்பி, உருளைகளின் மேல் முன்னும் பின்னும் ஓடுகிறது; விரிப்புகளை உருளையில் சுற்றி அதன் அடியில் விட்டு மடிப்பு எடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து வீடுகளில் விரிப்பு, துவாலை எல்லாவற்றிலும் ஓரத்தில் நூலால் எழுத்தும் எண்ணும் தைத்து வைப்பார்கள். பன்னிரண்டில் ஏழாவது காணவில்லை என்று சொல்லிவிடலாம். ரோட் கிராமத்துக் கதை இங்கே நின்று பார்க்கும்போது இன்னும் தெளிவாகப் புரிகிறது.

நடையில் வரிசையாகப் பித்தளை மணிகள். ஒவ்வொரு அறைக்கும் ஒன்று, கம்பி வழியாக இழுக்கிற வகை. ஒவ்வொன்றின் சத்தமும் வேறு. இந்த மணிகளில் வில்லோடு ஒரு சின்னக் குண்டு இருக்கும். மணிச் சத்தம் நின்ற பிறகும் அது கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருக்கும். வேறு வேலையாக இருந்தவர்கள் ஓடிவந்து எது ஆடுகிறது என்று பார்த்து, எந்த அறை என்று தெரிந்துகொள்வார்கள். யார் எந்த அறையில் எத்தனை மணிக்கு விழித்திருந்தார்கள் என்பது கீழே இருப்பவர்களுக்குத் தானாகவே தெரிந்துவிடும். கொலை நடந்த இரவு பூட்டிக் கிடக்க வேண்டிய அறையிலிருந்து மணி அடித்தது என்று ஒரு கதை எழுதலாம். யாராவது ஏற்கெனவே எழுதியிருப்பார்கள்.

இவ்வளவு பாட்டும் படமும் இருந்தும் இந்த வீட்டுக்கு ஒரு வழக்கு உண்டு. விக்டோரியா காலம் முடிந்த பிறகு, 1907. சமையலும் வீட்டு நிர்வாகமும் பார்த்த எலன் பென்கெத், கடைக்காரர்களுக்குக் கொடுக்கச் சொன்ன பணத்தில் 500 பவுண்டைக் கையாடினாள் என்று குற்றச்சாட்டு. கைது, சிறை, ருத்தின் நீதிமன்றத்தில் வழக்கு. ஜூரி அவளைக் குற்றமற்றவள் என்று விடுவித்தது. எஜமானர்களுக்குப் பெருத்த அவமானம். கணக்கு நோட்டை யார் சரிபார்த்திருக்க வேண்டும் என்ற கேள்வியை அங்கே யாரோ ஒருவராவது கேட்டிருக்கிறார்கள்.

விடுதலை ஆனாலும் அடுத்த வேலைக்கு என்ன செய்வது? முந்தைய எஜமானி நன்னடத்தைச் சான்று எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த வீடு வேலைக்கு எடுக்கும். கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. பொய்ச் சான்று காட்டினால் மட்டும் 1792-லிருந்தே தண்டனை உண்டு. இந்த நாவல்களில் திரும்பத் திரும்ப வரும் பயம் இதுதான்: பார்த்ததைச் சொன்னால் சான்று போய்விடும். 1891 கணக்கெடுப்பில் வீட்டு வேலையில் இருந்த பெண்கள் 13 லட்சத்துக்கும் மேல். அத்தனை பேருக்கும் இந்த ஒரு தாள்தான் பிழைப்பு.

பென்கெத்தின் படத்தைச் சுவர்களில் தேடினேன். என் கண்ணில் படவில்லை.

செவ்வாய், லிவர்பூல்

ரெக்ஸமிலிருந்து பிட்ஸ்டன், அங்கே மாறி ஆற்றுக்கு அடியில் சுரங்கப்பாதை வழியாக லைம் ஸ்ட்ரீட். வெளியே வந்தால் எதிரிலேயே செயின்ட் ஜார்ஜ் ஹால், தூண் வரிசையோடு. 1854-இல் திறந்தது. ஒரே கட்டடத்துக்குள் கச்சேரி மண்டபமும் நீதிமன்றமும் சிறை அறைகளும். கூண்டில் ஏறிப் பார்த்தேன். படிகள் நேராகக் கீழே சிறை அறைக்கு இறங்குகின்றன.

1889 ஆகஸ்டில் இந்தக் கூண்டில் நின்றவர் ஃபுளோரன்ஸ் மேபிரிக், 26 வயது அமெரிக்கப் பெண். ஐக்பர்த்தில் பெரிய வீடு. கணவர் ஜேம்ஸ் பருத்தி வியாபாரி, மே 11-ஆம் தேதி இறந்தார். ஆர்சனிக் வைத்துக் கொன்றாள் என்று வழக்கு.

இந்த வழக்கைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் வேலைக்காரிகள் என்றுதான் சொல்ல வேண்டும். ஏப்ரலில் ஒரு நாள் படுக்கையறையைச் சுத்தம் செய்யப் போனவள், முகம் கழுவும் மேஜைமேல் ஒரு பாத்திரத்தில் ஈ ஒட்டும் தாள்கள் ஊறுவதைப் பார்த்தாள். அந்தக் காலத்தில் அந்தத் தாளில் ஆர்சனிக் இருக்கும், ஊறினால் தண்ணீரில் இறங்கும். ஈக்கள் வராத பருவத்தில் இது எதற்கு? கீழே வந்து சொன்னாள். அழகுக்காக முகத்தில் பூச என்பது ஃபுளோரன்ஸின் விளக்கம். ஐயா மே மாதம் படுத்த படுக்கையானபோது, குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆலிஸ் யாப் இதை நினைவுபடுத்திக் குடும்ப நண்பர்களிடம் போட்டு உடைத்தாள்.

அதே நாள், மே 8, ஃபுளோரன்ஸ் தபாலில் போடச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்தாள். குழந்தை அதை வாங்கி வழியில் சேற்றில் போட்டுவிட்டது, உறை மாற்றலாம் என்று பிரித்தேன், கண்ணில் பட்டுவிட்டது என்றாள் யாப். காதலனுக்கு எழுதிய கடிதம். அதை இறந்தவரின் தம்பியிடம் கொடுத்தாள். அதற்குப் பிறகு வீட்டு அம்மா தன் வீட்டிலேயே கைதி.

தீர்ப்பு: தூக்கு. ஆனால் ஜேம்ஸே பல வருஷமாக ஆர்சனிக்கை மருந்தாகச் சாப்பிட்டவர். உடலில் கிடைத்தது ஆளைக் கொல்லும் அளவா என்றே மருத்துவர்கள் ஒத்துப்போகவில்லை. தண்டனை ஆயுள் சிறையாகக் குறைந்து, 1904-இல் அவர் வெளியே வந்தார்.

நீதிபதி ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். நம் ஊர் வக்கீல்களுக்கு இந்தப் பெயர் தெரியும். 1872-ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தை எழுதியவர் இவர்தான். 2024 ஜூலையில் புதுச் சட்டம் வரும்வரை தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளிலும் அதுவே ஓடியது. பார்த்ததைப் பார்த்தவரே சொல்ல வேண்டும், கேட்டதைக் கேட்டவரே சொல்ல வேண்டும் என்று அதன் 60-ஆம் பிரிவில் எழுதியவர், இங்கே உட்கார்ந்து ஜூரிக்கு வழக்கைத் தொகுத்துச் சொல்லும்போது ஆர்சனிக்கைவிட அந்தக் கடிதத்தின் மேலேயே அதிகம் சாய்ந்தார் என்று அன்றே விமர்சனம் எழுந்தது. 1891-இல் உடல்நலம் கெட்டுப் பதவி விலகினார்.

நாவலாக இருந்தால் யாப்தான் கதாநாயகி. துணிச்சல், கூர்மையான கண், சமயோசிதம், எல்லாம் இருக்கிறது. பத்திரிகைகள் அவளை உளவு பார்க்கிறவள் என்று தூற்றின. ரோட் கிராமத்தில் சாரா காக்ஸ் சொன்ன உண்மையை யாரும் ஏற்கவில்லை. இங்கே யாப் சொன்னதை உடனே ஏற்றுக்கொண்டார்கள், கணவரின் சகோதரர்கள் கேட்கத் தயாராக இருந்ததை அவள் சொன்னதால். வேலைக்காரியின் சாட்சியத்துக்கு என்ன மதிப்பு என்பதை இரண்டு வீட்டிலும் மேல்தளம்தான் தீர்மானித்தது. இந்த இதமான நாவல்கள் மாற்றிவைப்பது இந்த ஒன்றைத்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது: அங்கே கீழ்த்தளத்து மேஜையிலேயே தீர்ப்பு முடிந்துவிடும், மேலே தகவல் மட்டும் போகும்.

கடிதம் நிஜமாகவே சேற்றில் விழுந்ததா என்று அக்காவும் நானும் ஹால் படிக்கட்டில் உட்கார்ந்து சண்டை போட்டோம். எழுத்துப் படிக்க முடிந்திருக்கிறது, அப்படியானால் உறையில் அவ்வளவு சேறு இல்லை, அவள் வேண்டுமென்றே பிரித்தாள் என்பது அக்கா கட்சி. குறுக்கு விசாரணையிலும் மழை பெய்திருந்தால் மை கரைந்திருக்குமே என்றெல்லாம் இதைத்தான் குடைந்தார்கள். வேண்டுமென்றேதான் பிரித்தாள், ஆனால் நானாக இருந்தாலும் பிரித்திருப்பேன் என்றேன். “உன்னை வீட்டு வேலைக்கு யாரும் வைக்க மாட்டாங்க” என்றாள் அக்கா. நாவலின் மிச்சப் பக்கங்களை ரெடிங் போகும் ரயிலில் படிக்கத் தனக்கு வேண்டும் என்று வாங்கிக்கொண்டாள்.